தையல்காரி அடித்த வேலி

வீட்டிலிருந்து,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, தையல் மெஷின் மூவரும் நலம். அங்கே நீயும் சித்தியும் உன் புதுக் காலும் நலம்தானே?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேச்சு, நீ எப்போது வீட்டுக்கு வருவாய் என்ற இடத்துக்கு வந்தவுடனே, “சரிம்மா, வெச்சிடறேன்” என்று நீ வைத்துவிடுகிறாய். அப்புறம் நான் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கடிதத்தைப் பாதியில் கீழே வைக்க உனக்கு மனசு வராது. சின்ன வயதில் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூட எழுத்துக்கூட்டிப் படித்து முடித்துவிட்டுத்தான் போடுவாய். அந்தத் தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த மாதக் கடைசியோடு புதுக் காலில் நடக்கிற உன் பயிற்சி முடிகிறது. அதற்கப்புறம் தினமும் ஒரு மணி நேரமாவது வெளியே, மேடு பள்ளமான தரையில், எதையாவது பிடித்துக்கொண்டு நடந்து பழக வேண்டும் என்று பயிற்சி கொடுக்கிற அம்மா சொல்லியிருக்கிறார். சித்தி என்னிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நீயோ அங்கேயே இருந்துவிடுகிறேன் என்கிறாய். சித்தி வீடு மூன்றாவது மாடி. அங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. சோபாவைச் சுற்றிச் சுற்றி எத்தனை நாள் நடப்பாய்?

நீ வர மறுப்பதற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நீ இங்கே இருந்த அந்த இரண்டு நாளில், பின்பக்கத் தோட்டத்தில் ஊன்றுகோலோடு நாலு அடி எடுத்து வைத்தாய். பக்கத்து வீட்டு ச்சுச்சு ஆன்ட்டி செடிகளுக்கு மேலே தலையை நீட்டி, “அய்யோ, இந்த வயசுலயா! ச்சு ச்சு ச்சு” என்றார். அதைக் கேட்டு அவர் வீட்டு மாமாவும் வந்து நின்றார். பால்காரரும் நின்றார். நீ உள்ளே போனவள், மறுநாள் சித்தி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாய். அந்த ஆன்ட்டிக்கு நீ பத்து வயதில் வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதனால் முடிவு பண்ணிவிட்டேன். அந்தப் பக்கம் முழுக்க மரத்தில் வேலி அடிக்கப் போகிறேன். எட்டிப் பார்க்க முடியாத ஆறடி உயரம், இடுக்கு இல்லாமல் பலகை. ஆள் வைக்கப் போவதில்லை. ஆள் வந்தால் எதற்கு வேலி என்று கேட்பான், நான் சொல்ல வேண்டும், அவன் தெருமுனை வரைக்கும் போய்ச் சொல்வான். நானே அடிப்பேன். இருபத்தாறு வருஷமாகத் துணி வெட்டுகிறவளுக்குப் பலகை வெட்ட வராதா?

நேற்று மரக்கடைக்குப் போனோம். வேலிக்குப் பலகை வேண்டும் என்றதும் கடைக்காரர் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். உன் அப்பா வந்தார், கையில் குடையோடு. “அளவு சொல்லுங்க சார்” என்று அவரிடம் கேட்டார். “அளவெல்லாம் அவங்க டிபார்ட்மெண்ட். நான் வண்டி ஓட்டுறதோட சரி” என்று அப்பா நகர்ந்துகொண்டார். இந்த மனுஷர் இருபது வருஷமாக ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டுகிறார். மரக்கடையில் நின்றால் தொலைந்துபோன பிள்ளை மாதிரி இருக்கிறார்.

நான் டேப்பை எடுத்துவிட்டேன். நாற்பத்தெட்டு அடி நீளம். எட்டடிக்கு ஒன்றாக ஏழு கம்பம். கம்பத்துக்குக் கம்பம் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று குறுக்குச் சட்டம். அதன்மேல் நூறு பலகை. ஒவ்வொன்றும் ஆறடி, தையலுக்கு அரை அங்குலம் சேர்த்து வெட்டுங்கள் என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. கடைக்காரர் ரம்பத்தை நிறுத்திவிட்டு, “மரத்துக்கு ஏதும்மா தையல்?” என்றார். சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்ததால், எங்கள் வீட்டில் அப்படித்தான் என்று முறைப்பாகச் சொல்லிவிட்டேன். அரை அங்குலம் சேர்த்தே வெட்டிக் கொடுத்தார்.

அப்பா பதினைந்து நாள் லீவு போட்டிருக்கிறார். நாளை குழி தோண்டுகிறோம்.

காலைப் பொருத்துவதற்கு முன்னால் போடுகிற உறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டுப் போடு. ஒரு சுருக்கம் இருந்தாலும் நாளெல்லாம் உறுத்தும். இதை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீ வருவதாகச் சொல்ல வேண்டாம். வரமாட்டேன் என்று மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்குச் சொல்லாமல் இரு. நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு.

உன் அம்மா

*

வீட்டிலிருந்து,
வியாழக்கிழமை, கை கழுவி முடித்த நேரம்

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். அப்பாவின் இடது கட்டைவிரல் மட்டும் நலமில்லை. விவரம் கீழே வருகிறது.

“வேலி அடிச்சா மட்டும் வந்துடுவேனா?” என்று நீ அனுப்பிய ஒரு வரி வந்தது. அப்பா அதை மூன்று முறை படித்தார். வரமாட்டேன் என்று அதில் எழுதவில்லையே என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுக் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போனார். அதனால் நானும் உனக்குப் பதில் அனுப்பாமல் வேலையைப் பார்த்தேன்.

குழி தோண்டுவது இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் என்னிடம் உண்மையைச் சொல்லவில்லை. இரண்டடி ஆழம் என்று சொல்வது சுலபம். முதல் அடி மண். இரண்டாவது அடியில் இந்த வீட்டைக் கட்டியவர்கள் புதைத்துவிட்டுப் போன செங்கல், கம்பி, ஒரு முழுச் செருப்பு. ஏழு குழிக்கு மூன்று நாள் ஆயிற்று. அடியில் கருங்கல் ஜல்லி போட்டு, கம்பத்தை நிறுத்தி, சிமெண்ட் கலவை ஊற்றினோம். கம்பத்தின் அடிப்பாகத்துக்குக் கரையான் எண்ணெயும் பூசினேன்.

கம்பங்கள் ஒரே நேர்கோட்டில் நிற்க நூல் கட்டலாம் என்றேன். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “இருபது வருஷமா ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கு நேர்கோடு தெரியாதா?” என்றார். தோட்டத்தின் ஒரு கோடியில் நின்றுகொண்டு ஒரு கண்ணை மூடி, “ரைட்... ரைட்... போதும், ஹோல்டான்” என்று கையைக் காட்டினார். நான் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நகர்ந்தேன். சிமெண்ட் காய்ந்தபிறகு நூல் கட்டிப் பார்த்தால் நாலாவது கம்பம் மூன்று அங்குலம் வெளியே போய் நிற்கிறது. அந்த இடத்தில் ஒரு வளைவு. “பஸ் போனா இடிக்காது” என்கிறார். கோபம் வந்தாலும் சிரித்துவிட்டேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். நல்லவேளை, கம்பங்கள் எல்லாம் செங்குத்தாகத்தான் நிற்கின்றன.

கட்டைவிரல் சமாசாரம் இதுதான். பலகையைத் திருகாணி போட்டு முடுக்க வேண்டும், ஆணி வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். நான் மெஷின் டிரில்லை எடுத்து வருவதற்குள், ஒரே ஒரு ஆணி அடித்துப் பார்க்கலாம் என்று அவருக்கு ஆசை. அந்த ஒரே ஒரு அடியும் ஆணிமேல் விழவில்லை. விரல் இப்போது கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. அதற்கு என்னுடைய மிச்சத் துணியில் ஒரு உறை தைத்துப் போட்டிருக்கிறேன், பூப்போட்டது.

இனிமேல்தான் முக்கியமான கதை. சிரிக்காதே. இல்லை, சிரி, பரவாயில்லை.

குறுக்குச் சட்டங்களைக் கம்பத்தில் நம் வீட்டுப் பக்கமாக வைத்து முடுக்கினேன். நடுவில் கம்பம் இடிக்காமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நாடா மாதிரி நீளமாக ஓடின. பார்க்கவே அழகு. அப்புறம் பலகைகள். பலகை அடிக்க வேண்டுமானால் சட்டத்தின் மறுபக்கத்தில் நிற்க வேண்டும், கம்பத்துக்குக் கம்பம் இடையில் கம்பத்தின் பருமனுக்குத் துண்டுக் கட்டை கொடுத்து அதில் முடுக்க வேண்டும். மறுபக்கம் என்றால் ச்சுச்சு ஆன்ட்டியின் தோட்டம். போய் அனுமதி கேட்டேன். அவருக்குத் திருவிழா. நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், இரண்டாவது நாளே எழுந்து வந்து பலகையைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். மூன்று நாள் அவர் வீட்டு மண்ணில் நின்று வேலி அடித்தேன். யாருக்குத் தெரியக்கூடாது என்று வேலி போடுகிறோமோ, அவரையே பலகை பிடிக்க வைத்துக்கொண்டு. நாம் ஏன் அடுத்த வீட்டில் நின்று அடிக்கிறோம் என்று ஒரு நிமிஷமாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை.

ஆன்ட்டி முதல் நாள் வாய் ஓயாமல் கேட்டார். மரம் எந்த மரம், ஆள் ஏன் வைக்கவில்லை, கட்டைவிரலுக்கு என்ன வைத்தியம். உன்னைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. நான் காத்துக்கொண்டே இருந்தேன், கேட்டால் சூடாகத் திருப்பிக் கொடுக்கலாம் என்று. கடைசிப் பலகையை நான் நம் பக்கமிருந்து இழுத்துப் பிடித்து வைத்தேன், அவர் அந்தப் பக்கத்தில் தாங்கிக்கொண்டார். பலகை மூடி, அவர் முகம் எனக்கும் என் முகம் அவருக்கும் தெரியாமல் போன பிறகு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. “பொண்ணு வந்தா சொல்லுங்க. அன்னிக்கு என் வாய் சும்மா இருந்திருக்கணும். எனக்கு மூஞ்சியப் பாத்து சொல்ல வரல.” சூடாகத் தயார் பண்ணி வைத்திருந்ததை விழுங்கிவிட்டுப் பலகையை முடுக்கினேன். சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டேன்.

அப்புறம் உயரத்தைச் சமப்படுத்தினோம். தரை மேடும் பள்ளமுமாக இருப்பதால் பலகைகளின் தலை ஒழுங்கில்லாமல் நின்றது. சாக்பீஸ் நூல் தட்டிக் கோடு போட்டு, நான் தையலுக்கு என்று விட்ட அந்த அரை அங்குலத்தில்தான் சரிபண்ணினேன். மரக்கடைக்காரரை ஒருநாள் கூட்டிவந்து காட்ட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஆன்ட்டி தன் பக்கம் நின்று பார்த்துவிட்டு, நல்ல பக்கத்தை எங்களுக்குக் கொடுத்துவிட்டீர்களே, யாருக்கு இப்படி மனசு வரும் என்று உருகினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுற்றிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்து பார்த்தேன்.

கண்ணு, வேலி முழுக்க உள்பக்கம் நம்மைப் பார்த்து நிற்கிறது. மழமழவென்று ஒரே சீராகப் பலகை நிற்பது அவர்கள் பக்கம். நம் பக்கம் கம்பமும் சட்டமும் துண்டுக் கட்டையும் திருகாணியின் முனைகளும். கழற்றிப் போட்ட சட்டையின் உள்பக்கம் மாதிரி. ஏன் இப்படிச் செய்தேன் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தையல் எப்போதும் உள்பக்கம் வர வேண்டும், நல்ல பக்கம் வெளியே. என் கைக்கு வேறு எதுவும் தெரியாது. உள்பக்கம் என்றால் நம் வீடு, வெளியே என்றால் பக்கத்து வீடு என்று கை தானாகவே முடிவு செய்துவிட்டது. துணியாக இருந்தால் ஒரு உதறு உதறிப் புரட்டியிருப்பேன். இரண்டடி சிமெண்டில் நிற்பதை எப்படிப் புரட்டுவது?

உட்கார்ந்து அழுதேன். மூன்று நாளாகப் பக்கத்து வீட்டுக்கு வேலி அடித்துக் கொடுத்திருக்கிறேன். உனக்கு அழகாக இருக்க வேண்டும் என்றுதான் செய்தேன். அப்பா உள்ளே போய்த் திருகாணி கழற்றுகிற ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாளைக்குக் கழற்றி மாட்டிவிடலாம், லீவு இன்னும் நாலு நாள் இருக்கிறது என்றார். பூப்போட்ட விரலைத் தூக்கிக்காட்டி, இது மட்டும் வேலை செய்யாது என்றார்.

மேலே எழுதக் கை வலிக்கிறது. நாளை கழற்ற ஆரம்பிக்கிறோம்.

பத்திரமாக இரு.

உன் அம்மா

*

வீட்டிலிருந்து,
செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகளுக்கு,

நேற்று என் கடிதத்தைப் படித்துவிட்டு நீ போன் பண்ணினாய். “நல்ல பக்கத்த ஆன்ட்டிக்குக் குடுத்துட்டியாம்மா!” என்று கேட்டுவிட்டு மூச்சு முட்டச் சிரித்தாய். நான் ஸ்பீக்கரில் போட்டேன். அப்பா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து நின்றார். அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் நீ சிரிப்பதைக் கேட்டுக்கொண்டே நின்றோம். எட்டு மாதம் ஆகிறது அந்தச் சத்தத்தைக் கேட்டு. அதற்காக இன்னொரு வேலியையும் தலைகீழாக அடிக்கச் சொன்னால் அடிப்பேன்.

கழற்றி மாட்டியாச்சா என்று கேட்டாய். நான் பேச்சை மாற்றினேன். கழற்றவில்லை. ஏன் என்று போனில் சொல்ல வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா டீயைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் பலகையைக் கழற்றப் போனார். எந்தக் கோடியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வேலியோரமாக நடந்தார். ஒரு கையில் டீ. இன்னொரு கை நடுச் சட்டத்தின்மேல் தானாக விழுந்தது. அப்படியே அதைத் தடவிக்கொண்டே கடைசிவரை போய்த் திரும்பினார். பாதி வழியில் இருக்கிற செங்கல் மேட்டில் எப்போதும் தடுமாறுவாரே, அங்கே அந்தக் கைக்குச் சட்டம் கிடைத்தது. டீ ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

டேப்பை வைத்துப் பார்த்தேன். தரையிலிருந்து நடுச் சட்டத்தின் மேல்விளிம்பு வரைக்கும் முப்பத்து நாலு அங்குலம். உள்ளே வந்து அளவு நோட்டை எடுத்தேன். உன் பக்கம் அதில் முதல் பக்கம், தெரியுமில்லையா? இடுப்பிலிருந்து தரை வரைக்கும் முப்பத்தெட்டு. அந்த உயரத்துக்கு முழங்கையை லேசாக மடக்கிக் கையைத் தொங்கவிட்டால் உள்ளங்கை வந்து நிற்கிற இடம் முப்பத்து நாலு. நோட்டைப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை, ஆனாலும் பார்த்தேன். நான் அளந்து வைத்த உயரம் இல்லை அது. மேலே கீழே சட்டம் போட்டு நடுவில் ஒன்று போட்டேன், அவ்வளவுதான்.

நல்ல பக்கம் நமக்கு வந்திருந்தால் அங்கே வெறும் பலகைச் சுவர்தான் இருந்திருக்கும். பிடிக்க ஒன்றும் இருந்திருக்காது. நான் உனக்கு மறைப்பு மட்டும்தான் யோசித்தேன். எதையாவது பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று முதல் கடிதத்தில் நானே எழுதியும், எதைப் பிடிப்பாய் என்று யோசிக்கவில்லை. அதை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

திருகாணி முனைகளை எல்லாம் அப்பா அரம் வைத்து ராவி, கட்டைத் துண்டு வைத்து மூடிவிட்டார். நடுச் சட்டத்தை நான் எடுத்துக்கொண்டேன். முதலில் இழைப்புளி போட்டு மேல்விளிம்பை உருட்டினேன், உள்ளங்கையில் கோணம் குத்தாமல் இருக்க. அப்புறம் உப்புத்தாள், சொரசொரப்பானது முதலில், நைசானது பிறகு. கைக்கு மழமழப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஊசி பிடித்துக் காய்ந்த என் கையை நம்ப முடியாது. அதனால் உன் பட்டமளிப்பு விழா உடையின் உள்துணி கொஞ்சம் மிச்சம் இருந்ததே, வெளிர்நீல சாட்டின், அதை எடுத்து உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு சட்டத்தின்மேல் இழுத்துக்கொண்டே போனேன். எங்கே ஒரு இழை மாட்டுகிறதோ அங்கே சிலாம்பு இருக்கிறது என்று அர்த்தம். நின்று மறுபடி தேய்ப்பேன். முதல் தடவை நாற்பத்தொரு இடத்தில் மாட்டியது. இரண்டாவது தடவை பதினாறு. அப்பா எனக்குப் பின்னாலேயே ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார், நான் உட்கார்ந்து தேய்க்க. அந்த ஸ்டூல் இப்போது அந்தக் கோடியில் இருக்கிறது, நீ உட்கார்ந்து இளைப்பாற.

நாலாவது கம்பத்து வளைவில் சட்டமும் கொஞ்சம் வளைகிறது. அதைச் சரிபண்ணவில்லை. அந்த இடத்துக்கு வரும்போது இங்கே அப்பா ரைட் சொன்னார் என்று தெரிந்துகொள்.

ஆன்ட்டி அந்தப் பக்கத்திலிருந்து, என்ன சத்தம், இன்னும் என்ன வேலை என்று கேட்டார். அவரால் இப்போது பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். நல்ல பக்கம் உங்களுடையது, இந்தப் பக்கத்து வேலை எங்களுடையது என்று சொன்னேன். சரி சரி என்று போய்விட்டார். ஒரு ச்சு வரவில்லை.

நேற்று மாலை, நீ சிரித்துவிட்டுப் போனை வைத்ததற்கு அப்புறம், மறுபடி அந்தத் துணியைச் சுற்றிக்கொண்டு போனேன். இந்தக் கோடியில் ஆரம்பித்து அந்தக் கோடிவரை, வளைவு உள்பட, நாற்பத்தெட்டு அடி. ஒரு இழை மாட்டவில்லை. திரும்பி வந்தேன், அப்போதும் மாட்டவில்லை. அந்தத் துணியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், தொட்டுப் பார்.

உன்னைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை, கண்ணு. இதைப் போனில் சொல்ல வந்தால் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுகிறேன். நீ விழலாம். விழுந்தால் எழுந்துகொள்ளலாம், அதை இந்த உலகத்தில் ஒருத்தரும் பார்க்கப் போவதில்லை. நாங்களும் பார்க்கக் கூடாது என்றால் சொல், ஜன்னலுக்குத் திரை தைத்துவிடுகிறேன், அரை மணி நேர வேலை.

அப்பா லீவை நீட்டியிருக்கிறார், சனிக்கிழமையோடு அதுவும் முடிகிறது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொன்னால் அவரே வந்து உன்னை அழைத்துக்கொண்டு வருவார். மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டுவார். கட்டைவிரல் ஆறிவிட்டது.

கை வைக்க இடம் தயாராக இருக்கிறது. கைதான் வரவேண்டும்.

நீ எங்கே நடந்தாலும் தரை உனக்கு மெத்தென்று இருக்கட்டும்,
உன் அம்மா